நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு க்

மகளின் படிவம் வெள்ளிக்கிழமை அவள் பையில் வந்தது. தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் கிடந்ததால் ஓர் ஓரம் நனைந்திருந்தது. பன்னிரண்டு கேள்விகள், பன்னிரண்டு பதில்கள், கீழே வகுப்பு மிஸ்ஸின் கையெழுத்து. வலது மேல் மூலையில் சிவப்பு மையில் இரண்டு எழுத்துகள்: இ.கு.

வேறு அப்பாவாக இருந்தால் அது என்னவென்று பள்ளியில் போய்க் கேட்டிருப்பார். எனக்கு அந்தத் தேவை இல்லை. அந்தக் குறி வரும் புத்தகத்தின் சுருக்கக் குறிகளை அகர வரிசையில் அடுக்கியவன் நான்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். பாடநூல் போடும் ஒரு பதிப்பகத்தில் ஏழு வருடமாக வேலை. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, பிழைகளைத் திருத்தி, அடியில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்திடுவேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் இயந்திரம் ஏறாது. ‘வேலைக்கு போனான்’ என்று எங்காவது இருந்தால் என் கண் தானாக நின்றுவிடும். ஒரு ப் போட்டுவிட்டுத்தான் நகரும். அதனால் அலுவலகத்தில் எனக்கு ஒற்று என்று பெயர். ஒற்று வந்தாச்சா, ஒற்றுக்கு டீ கொடுத்தாச்சா என்றுதான் பேச்சு. இது காதில் விழுந்த நாளிலிருந்து என் மனைவியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். கோபம் வந்தால் மட்டும் சொந்தப் பெயரைச் சொல்வாள்.

இ.கு. என்றால் இயற்கைக் குழந்தை. ஆசிரியர் பயிற்சிக் கையேடு, பக்கம் 112. இங்கே எல்லா மிஸ்ஸும் அந்தப் புத்தகத்தைப் படித்துத் தேறித்தான் வகுப்புக்குள் வருகிறார்கள். எழுதியவர் குழந்தைமையின் தத்துவத்தைக் கல்லூரிகளில் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர். அந்தப் பத்தி எனக்கு மனப்பாடம்.

“சில இனத்தவரின் பிள்ளைகள் புலன்களால் வாழ்கிறவர்கள். தாளமும் நிறமும் மண்ணும் அவர்களுக்கு எளிதில் கைவரும். ஏன் என்ற கேள்வி காலம் தாழ்த்தியே வரும். இவர்களை நாம் இயற்கைக் குழந்தைகள் எனலாம். இவ்வினத்தில் பெரியவர்களும் ஒருவகையில் குழந்தைகளே. துயரம் இவர்களிடம் நெடுநாள் தங்குவதில்லை.”

படிவத்தின் கடைசி வரி: ‘பரிந்துரை – தோட்ட வகுப்பு, மேலும் ஓராண்டு.’

அந்தப் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதி முதல் வகுப்புக்குப் போகும். அங்கே தினமும் நாற்பது நிமிடம் கேள்வி வட்டம் உண்டு. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஏன், எப்படி, யார் சொன்னது என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். பள்ளிக்கு ஊரில் நல்ல பேரே அதனால்தான். மறுபகுதி தோட்ட வகுப்பு. செடிக்குத் தண்ணீர், களிமண், கொட்டு, பாட்டு. ஒரு வருடம்தான் என்பார்கள். இரண்டு ஆகும், மூன்று ஆகும். அதற்குள் மற்ற பிள்ளைகள் எங்கேயோ போயிருப்பார்கள். பெயர்ப் பட்டியல் புதன்கிழமை கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. போய்விட்டால் அடுத்த வருடம்தான் பேச முடியும். எனக்கு இருந்தது ஐந்து நாள்.

என் மனைவி அந்தச் ‘சில இனத்தவர்’ வீட்டுப் பெண். கருத்த நிறம், சுருண்ட முடி. தெருவில் அவர்களைச் சுருட்டை என்பார்கள். படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். படித்தவர்களுக்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இருந்தது. நான் மற்ற இனம். எங்களுக்குக் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே பேருந்து, அப்புறம் ஒரே வீடு. பதினான்கு மாதங்களுக்கு முன் காய்ச்சல் என்று படுத்தாள். பதினோராம் நாள் இல்லை. நான் அழவில்லை. இன்றுவரை அழவில்லை. மகளின் நிறம் எங்கள் இருவருக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. முடி மட்டும் முழுக்க அவள் அம்மா.

படிவத்தில் ஏழாவது கேள்வி: கல்லுக்கு வலிக்குமா? பதில் இருக்க வேண்டிய இடத்தில் ‘யார் கேட்கிறார்?’ என்று இருந்தது. பக்கத்தில் மிஸ்ஸின் குறிப்பு: பொருத்தமற்ற பதில். துடுக்கு.

மகள் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இப்படியா சொன்னாய் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். தோன்றியது, சொன்னேன் என்றாள். இன்னொரு ஷூவின் முடிச்சு அவிழவில்லை. காலை என் பக்கம் நீட்டினாள். நானும் அதைத் துடுக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பழைய மெய்ப்புகளை நாங்கள் மூன்று வருடம் வைத்திருப்போம், யார் தவறு என்று பின்னால் சண்டை வந்தால் காட்டுவதற்கு. கையேட்டின் நான்காம் பதிப்புத் தாள்கட்டை எடுத்துப் பிரித்தேன். 112 வந்தது. ‘இயற்கை குழந்தைகள்’ என்று இருந்ததில் நடுவே என் சிவப்புப் பேனா கூரை மாதிரி ஒரு குறி போட்டு, ஓரத்தில் க் என்று எழுதியிருந்தது. அழகாகத்தான் எழுதியிருந்தேன். அடியில் ‘அச்சிடலாம்’, கையெழுத்து, தேதி.

அந்தத் தேதி ஒரு ஞாயிறு. வேலை அதிகமாக இருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். மனைவி பின்னால் வந்து என் தோளுக்கு மேலே குனிந்து அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்தாள்.

“ஏன் ஒற்று, இது நான்தானே?”

அதெல்லாம் எழுதியவர் பாடு, எனக்கு எழுத்துதான் வேலை, இங்கே பார் ஒரு க் விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினேன்.

“க் போட்டா சரியாயிடுமா?”

“சரியாயிடும்,” என்றேன்.

 அவள் அடுப்பை அணைக்கப் போனாள். அன்றைக்கு அவள் என்னை ஒற்று என்று மறுபடி கூப்பிட்டாளா, பெயரைச் சொன்னாளா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

என் மேசையில் இன்னொரு கட்டு இருந்தது. அதே கையேடு, ஐந்தாம் பதிப்பு. இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்; தொண்ணூற்றெட்டாம் பக்கம்வரை முடித்திருந்தேன். இரண்டு 112களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதியதில் ஒரு பிழைகூட இல்லை. க் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

பழையதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திங்களன்று இதோடு பள்ளிக்குப் போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பதற்றம் இல்லை. பதினான்கு மாதமாக எனக்கு எதிலும் பதற்றம் வருவதில்லை. அது ஒரு வசதி என்று அன்று தெரிந்தது.

ஞாயிறு காலை மகளைக் கூட்டிக்கொண்டு மச்சான் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். மனைவியின் தம்பி. டைல்ஸ் ஒட்டுகிறவன். யாரோ புதிதாகக் கட்டும் வீட்டின் குளியலறையில் முட்டி போட்டிருந்தான். சுவரில் ஐந்து வரிசை ஏறியிருந்தது. வேலை முடிந்த வரிசையைச் சாவிக்கொத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே கலவை சரியாகப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். பிடிக்காத இடத்தில் ‘டொக்’ என்று காலியாகக் கேட்கும். மகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். போனதும் அவன் பக்கத்தில் முட்டி போட்டு அவளும் சுவரில் காதை வைத்தாள்.

படிவத்தைக் காட்டினேன். கையில் சிமெண்ட் என்பதால் வாங்காமல், நான் பிடித்திருக்க எட்டிப் படித்தான்.

“இ.கு.வா? எங்க காலத்துல முழுசா எழுதுவாங்க அத்தான். இப்ப மரியாதையாச் சுருக்கிட்டாங்க.”

அவனும் அதே பள்ளி. தோட்ட வகுப்பில் மூன்று வருடம். அதைப் பற்றி எப்போதும் சிரித்துக்கொண்டேதான் பேசுவான். கத்தரிச் செடியும் அவனும் ஒன்றாகத்தான் வளர்ந்தார்களாம். செடியை முதலில் மேல் வகுப்புக்கு அனுப்பினார்களாம். கொட்டு அடிக்க வராததால் அவனைப் பார்த்து மிஸ்ஸுக்கு ஒரே ஆச்சரியமாம், உன் ரத்தத்தில் இருக்குமே என்பாராம். என் மனைவி எப்படித் தப்பினாள் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் கேட்டதே இல்லை.

“அக்காவுக்கு அப்ப மொட்டை போட்டிருந்துச்சு. பேன். முடி இல்லாம எந்த ஆளுன்னு மிஸ்ஸுக்குத் தெரியல. தெரிஞ்சப்ப அக்கா ரெண்டாங் கிளாஸ்.”

சொல்லிவிட்டு ஒரு டைல்ஸைத் தட்டினான். காலியாகக் கேட்டது. கரண்டியை விட்டுப் பெயர்க்க ஆரம்பித்தான். நான் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன், நீயும் வா என்றேன்.

“நான் எதுக்கு? நீங்க வெளுப்பு. உங்களுக்கு நாற்காலி போடுவாங்க. நான் வந்தா பைப் ரிப்பேருக்கு வந்தேன்னு நினைப்பாங்க.”

வா என்று மறுபடி சொன்னேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். சரி என்றான். எத்தனை மணி என்று கேட்டான்.

திங்கள் காலை அவன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்தான். நகத்தடியில் மட்டும் வெள்ளை சிமெண்ட். தலைமை ஆசிரியையின் அறை சுத்தமாக இருந்தது. சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள், மேசையில் சுற்றும் விசிறி, அது பறக்கவிடாதபடி தாள்கள் மேல் வழவழப்பான கூழாங்கற்கள். வகுப்பு மிஸ் ஓரமாக நின்றிருந்தார். சின்ன வயது, கையிலிருந்த படிவக் கோப்பை மார்போடு அணைத்திருந்தார். எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. நான் உட்காரவில்லை. இன்னொன்று வந்த பிறகு இருவரும் உட்கார்ந்தோம்.

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தோட்ட வகுப்பு தாழ்வு என்று யார் சொன்னது என்றார். ஒவ்வொரு குழந்தைமைக்கும் ஒரு வேகம் உண்டு, நாம் அவசரப்படுத்தக் கூடாது, மொட்டைப் பிரித்துப் பூவாக்க முடியுமா என்றார். மகளின் களிமண் பொம்மை ஒன்றை எடுத்துக் காட்டினார். நல்ல பொம்மைதான்.

“எப்பவும் அமைதியா இருக்கா சார். அம்மா போனதைக்கூட எவ்வளவு அழகாத் தாங்கிக்கிட்டா. ஒரு நாள்கூட அழுது நான் பார்த்ததில்ல. அவங்க ஆளுங்ககிட்ட துக்கம் தங்காது. அது ஒரு வரம்னுதான் சொல்லுவேன்.”

“ஆமா மேடம்,” என்றான் மச்சான். “எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே சரியாயிடுச்சு.”

அவருக்கு அவன் யார் என்று அப்போதுதான் உறைத்தது. மிஸ் கோப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நானும் அழவில்லை மேடம், என் இனத்துக்கு அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. பையிலிருந்து பழைய 112ஐ எடுத்து விரித்து, அவருடைய கூழாங்கல் ஒன்றையே அதன் மேல் வைத்தேன்.

இந்தப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு நல்ல புத்தகம், பிழையே இருக்காது என்றார்.

“பிழை இருக்கு மேடம். இந்த க் நான் போட்டது. எழுத்தைப் பார்த்தேன், வரியைப் பார்க்கல. அது என் பிழை.”

பிறகு எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். அந்தப் புத்தகத்தில் இருநூற்று நான்கு அடிக்குறிப்புகள். குழந்தை எந்த வயதில் பல் விழுந்து முளைக்கும் என்பதற்கு ஐந்து. மணலில் விளையாடுவது நல்லது என்பதற்கு மூன்று. எத்தனை குழந்தைகளைப் பார்த்தார்கள், எந்த ஊரில், எந்த வருடம் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றையும் நான் சரிபார்த்திருக்கிறேன். இந்தப் பத்திக்கு மட்டும் ஒரு குறிப்புகூடக் கிடையாது. யாரையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல் எழுதியது. நான்கு பதிப்பு ஓடிவிட்டது.

அவர் பேராசிரியரின் நாற்பது வருட அனுபவம் பற்றிப் பேசினார். எங்கள் வேலை குழந்தையைக் கண்ணால் பார்த்து எழுதுவது, புத்தகம் சும்மா ஒரு துணை என்றார். படிவத்தைப் பாருங்கள், ஏழாவது கேள்விக்கு இதுவா பதில் என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. அவளையே கூப்பிட்டுக் கேட்கலாம் என்றேன்.

மிஸ் போய்க் கூட்டி வந்தார். மகள் கையெல்லாம் மண். மாமாவைப் பார்த்ததும் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மிஸ் படிவத்தைப் பார்த்து அதே கேள்வியை அதே மாதிரி கேட்டார். கல்லுக்கு வலிக்குமா?

“அன்னிக்கே சொன்னேனே மிஸ். யாரு கேக்குறா?”

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல.  மச்சான் மகளின் உயரத்துக்குக் குனிந்தான்.

“யாரு கேக்குறான்னா என்ன செல்லம்? மாமா மண்டைக்கு ஏறுற மாதிரி சொல்லு.”

“நீங்க டைல்ஸைத் தட்டிட்டு காது வச்சுக் கேப்பீங்கல்ல மாமா? உள்ள காலியா இருந்தா அது சொல்லும்ல? மத்த கல்லை யாரு தட்டிக் கேக்குறா? யாரும் கேக்குறதில்ல. அப்புறம் எப்படி வலிக்கலன்னு சொல்றாங்க?”

மேசைமேல் இருந்த கூழாங்கல்லை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“அம்மா ஆஸ்பத்திரில பேசவே இல்ல. வலிக்கலன்னு நர்ஸ் சொன்னாங்க. அவங்க காது வச்செல்லாம் கேக்கல. நான் பாத்தேன்.”

விசிறி இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பியது. மச்சான் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேள் என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. வாயாலும் கேட்கலாம், காதாலும் கேட்கலாம். சொல்லை வைத்துச் சோறு தின்கிறவன் நான். அவள் ஒன்றைச் சொன்னாள். நான் மற்றதை எடுத்துக்கொண்டேன். மிஸ்ஸும் அதையே எடுத்துக்கொண்டு, எழுத்துத் தமிழில் ‘யார் கேட்கிறார்?’ என்று திருத்தமாக எழுதி, அதற்குத் துடுக்கு என்று பெயர் வைத்தார். நாங்கள் இருவருமே திருத்தம் செய்கிறவர்கள்.

தலைமை ஆசிரியை சிவப்புப் பேனாவைத் திறந்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“சார், இவ விதிவிலக்கு. அப்பா பக்கம் வந்திருக்கு போல. இ.கு.வை அடிச்சுடறேன். முதல் வகுப்புல போட்டுடலாம்.”

நான் வந்தது அதற்குத்தான். பேனா தாளுக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் நின்றது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. அக்காவுக்கு மொட்டை அடித்திருந்ததால் ஒரு தரம் தப்பியது. இப்போது அவள் மகளுக்கு அப்பா வெளுப்பாக இருப்பதால் தப்புகிறது. அவ்வளவுதான்.

“வேண்டாம் மேடம்,” என்றேன். “இன்னும் எத்தனை படிவத்துல இ.கு. இருக்கு?”

 மிஸ்தான் சொன்னார். இன்னும் நான்கு என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

ஐந்தையும் அடியுங்கள், ஐந்து பேரையும் திரும்பக் கேளுங்கள், வருகிற பதிலைப் பார்த்து எந்த வகுப்பு என்று போடுங்கள், என் மகளுக்குத் தோட்டம் என்று வந்தால் அவள் தோட்டத்துக்கே போகட்டும் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் வீட்டில் பால் வாங்கச் சொல்கிற மாதிரி இருந்தது என்று மச்சான் பின்னால் சொன்னான்.

தலைமை ஆசிரியை புதன்கிழமை, பட்டியல், நேரம் என்று ஏதேதோ சொன்னார். மிஸ் படிவக் கோப்பை மேசைமேல் வைத்தார்.

“நான் கேக்குறேன் மேடம். இன்னிக்கு ரெண்டு பேர், நாளைக்கு மூணு பேர். அவங்க பேசுற மாதிரியே எழுதறேன். திருத்தாம.”

தலைமை ஆசிரியை பேனாவை மூடிவிட்டுச் சரி என்றார். புத்தகத்தில் இருக்கும்வரை இந்தக் குறி போடும் வழக்கத்தை நான் எடுக்க முடியாது, அதை உங்கள் பதிப்பகத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். பேசிக்கொள்கிறேன் என்றேன். மகள் கூழாங்கல்லைக் கேட்டாள். கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் மச்சான் வண்டியை எடுக்காமல் நின்றான்.

“ஒருவேளை தோட்டம்னே வந்துட்டா?”

“கத்தரிச் செடிக்குத் துணை.”

சிரித்தான். பிறகு சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாகப் புதிய 112ஐ எடுத்தேன். ஆசிரியருக்கு ஏதாவது சந்தேகம் கேட்க வேண்டியிருந்தால் நாங்கள் பத்தியின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துக் கேள்வியை எழுதுவோம். பதில் வரும்வரை பக்கம் நகராது. வழக்கமாக ‘ஆண்டு சரியா?’ ‘பெயரின் எழுத்துக்கூட்டு?’ என்று எழுதுவேன். இந்தப் பத்திக்கு முழு நீளம் கோடு இழுத்து, ‘யார் கேட்டது?’ என்று எழுதினேன். பதிப்பாசிரியர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவருக்கு அலுவலகத்தில் முற்றுப்புள்ளி என்று பெயர். எந்தப் பேச்சையும் அவர்தான் முடிப்பார். பத்தியைப் படித்தார். என் கேள்வியைப் படித்தார். இது போன பதிப்பில் இருந்ததா என்று கேட்டார். இருந்தது, நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்றேன். அப்போது ஏன் கேட்கவில்லை என்றார். என்னிடம் ஒருத்தி கேட்டாள், நான் கேட்கவில்லை என்றேன். யார் அந்த ஒருத்தி என்று அவர் விசாரிக்கவில்லை. என் மனைவியின் சாவுக்கு வந்திருந்தவர் அவர், நிறம் பார்த்திருப்பார். பேராசிரியரின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, போனை என் பக்கம் தள்ளினார்.

பேராசிரியர் நல்ல உச்சரிப்பு. கேள்வியை இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

“தம்பி, நீங்க ஒற்றுப் பார்க்குறவர்தானே?”

“ஆமா சார். அதைப் பார்த்துட்டுத்தான் பேசறேன். ஒற்று சரியா இருக்கு. வரிதான் தப்பு.”

அவர் கோபப்படவில்லை. தத்துவத்துக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை, அது பார்வை என்று விளக்கினார். பல் முளைப்பதற்கு ஐந்து குறிப்பு போட்டிருக்கிறீர்களே என்றேன். அது வேறு என்றார். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.  எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே தம்பி என்றார்.

பதிப்பாசிரியர் அம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆதாரம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் பத்தி இல்லாமல்தான் பக்கம் போகும் என்றார். வணக்கம் சொல்லி வைத்தார். முற்றுப்புள்ளி.

நான் சீட்டுக்கு வந்தேன். பேராசிரியர் ஏதாவது அனுப்பினாலும் அனுப்பலாம். அனுப்பினால் அதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பேன். அது எனக்கு நன்றாக வரும். பழைய பதிப்பு எத்தனையோ அலமாரிகளில் இருக்கிறது, என் க்கோடு. அதற்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. ஒரு திருத்தத் தாள் அச்சிட்டு எல்லாப் பள்ளிக்கும் அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கம் அமைக்கும் பெண், பத்தி போனால் 112இல் நான்கு விரல் வெற்றிடம் விழுமே, படம் ஏதாவது வைக்கவா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். ஆதாரம் வரும்வரை இருக்கட்டும் என்று பத்தியின் மேல் நீக்கல் குறி போடும்போது க் இருந்த இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பழக்கம். பிறகு போய்விட்டது.

க் போட்டால் சரியாகாது. அவளுக்கு இந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய ஞாயிறு எப்போதோ கடந்துவிட்டது.

புதன்கிழமை பட்டியல் போனது. ஐந்து பேரில் நான்கு பேர் முதல் வகுப்பு. ஐந்தாவது குழந்தைக்கு ஆறு வயது நிறைய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதன் அம்மாவும் தோட்டமே நல்லது என்றாராம். மகளின் புதிய படிவத்தில் ஏழாவது பதில் மூன்று வரி நீண்டு, ஓரத்தில் ஏறி வளைந்து போயிருந்தது. எல்லாம் பேச்சுத் தமிழ். ஒற்றுப்பிழை நான்கு. நான் தொடவில்லை.

அடுத்த திங்கள்தான் அவளுடைய முதல் கேள்வி வட்டம். சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் எப்படி இருந்தது என்றேன்.

“கேட்டுட்டு இருந்தேன்.”

இந்த முறை நான் விடவில்லை.

“வாயாலயா, காதாலயா?”

முடிச்சு விழுந்த காலை என் பக்கம் நீட்டினாள்.

“ரெண்டாலயும்தான். நீங்க முதல்ல இதை அவுருங்கப்பா.”